எஃப் எட்டு

புறக்கோட்டையில் நஸ்ருல்லாவிடம் வாங்கினேன்,
பாவித்த ஐம்பது மில்லிமீட்டர்.
"பிளேட் மாதிரி வெட்டும், மிஸ்" என்றான்.
வெட்டுகிறதா பார்க்க
கொட்டாஞ்சேனை அறைச் சுவரில்
பழைய பேப்பரின் பங்குச்சந்தைப் பக்கத்தை
நாலு மூலையும் இழுத்து ஒட்டினேன்.
முக்காலி. இரண்டு செக்கன் தாமதம்.
ஃபேனையும் நிறுத்தி,
மூக்கு நுனியில் வியர்வை தொங்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நடுவில் ஒவ்வொரு தசமப் புள்ளியும்
எறும்பின் தலையாய் நின்றது.
ஓரத்துக்குப் போகப் போக
எட்டு மூன்றாகி
மூன்று புகையாகி
இலாபமும் நட்டமும் ஒரே சாம்பல்.

கூர்மை வேறு, பிரிதிறன் வேறு.
இது எனக்கு விளங்க மூன்று வருடம் போனது.
கறுப்பு எங்கே முடிகிறது என்று
உரத்துச் சொல்வது கூர்மை.
கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில்
ஒரு வெள்ளையும் இருந்தது என்று
மறக்காமல் இருப்பது மற்றது.
கோடுகளை நெருக்கிக்கொண்டே போனால்,
மில்லிமீட்டருக்குப் பத்துச் சோடி, முப்பது, அறுபது,
எந்த வில்லையும் ஓரிடத்தில் கைவிரிக்கும்.
நஸ்ருல்லாவின் வில்லை
நடுவில் தாமதமாகவும்
மூலையில் அவசரமாகவும் விரித்தது.

தெரிந்துகொண்டுதான் போனேன்
கொள்ளுப்பிட்டி, காப்புறுதிக் கந்தோர்.
படிக்கட்டில் நாற்பத்து மூன்று பேர்,
பின்னேரம் ஆறு மணி, மின்வெட்டு.
துவாரத்தை முழுக்கத் திறந்தேன்.
இருட்டுக்கு வேறு வழி இல்லை என்று
எனக்கு நானே சொன்னேன்.
பணிப்பாளரின் டையில் நெய்த நூல் வரைக்கும் விழுந்தது.
சட்டம் போட்டு நடையில் மாட்டினார்கள்.

அந்த நடையைக் கூட்டுவது பிலோமினா அக்கா.
சட்டத்தின் தூசி தட்டுவதும் அவதான்.
காசோலை வாங்கப் போனவளை மறித்து
வலது ஓரத்தில் விரலை வைத்தா.
"பிள்ளை, இது நான்தானே?"
குற்றம் சொல்லும் குரல் இல்லை.
உண்மையாகவே கேட்டா.

இரவு கணினியில் பெருப்பித்தேன்.
இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு நிழல்.
கூராக்கும் பட்டையை வலப்பக்கம் தள்ளினேன்,
இன்னும் தள்ளினேன்.
சேலை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது,
விபத்து நடந்த ரோட்டில்
பொலிஸ் வரைகிற சோக்குக் கோடு மாதிரி.
கண் வரவில்லை.
வில்லை உள்ளே எடுக்காததை
எந்தப் பட்டையும் வெளியே தராது.

புதன்கிழமை, பன்னிரண்டரை, நல்ல வெயில்.
திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிப் போனேன்.
பதினொரு பேர் வந்தார்கள்,
மற்றவர்களுக்குச் சோற்றுப் பார்சல்.
"நடுவுக்கு வாங்கோ அக்கா."
"வேண்டாம், எனக்கு இங்கதான் பழக்கம்."
சரி.
இடம் மாற வேண்டியது அவ இல்லை.

எஃப் எட்டு.
இன்னும் சுருக்கலாம், பதினாறு, இருபத்திரண்டு,
ஆனால் ஓட்டை சிறுத்தால்
ஒளியே விளிம்பில் தடுக்கி விழும்,
படம் முழுக்க மெல்லிசாய்ச் சோரும்.
எட்டில் இந்தக் கிழட்டு வில்லைக்கும்
நாலு மூலை உண்டு.
குவியத்தை அவவின் இமையில் வைத்தேன்.
காலி வீதியில் ஒரு பஸ் உறுமிப் போகும் வரை பொறுத்து
அமத்தினேன்.

அறைக்கு வந்து
நேரே வலது ஓரத்துக்குப் போனேன்.
கண் இரண்டு.
கழுத்துச் சங்கிலியில் சிலுவை, கொழுக்கியோடு.
தோளில் சேலையைப் பிடித்த ஊக்கு,
அதன் இரண்டு கம்பியும்,
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில்
மயிரளவு வெளிச்சமும்.

நடையில் இன்னும் பழைய படம்தான் தொங்குகிறது;
பதினொரு பேரை யார் மாட்டுவார்?
புதியதைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்து
நுனியில் பிடித்துக் கிட்ட வைத்து,
எட்ட வைத்து,
திரும்பக் கிட்ட வைத்துப் பார்த்தா.

"ஐயோ," என்றா,
"ஊக்கு துருப் பிடிச்சிருக்கு.
நீ சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்."